இரண்டு மணி நேரக் கடல்வழி ஆறு மணி நேரமானபோது

குடும்பத்தோடு சிறிய இயந்திரப் படகில் கரையோரமாகப் பயணம் போகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் உயிர்காப்பு அங்கி, வானிலை அறிக்கை, போதிய எரிபொருள் என்ற மூன்றோடு முடிந்துவிடுகின்றன. எங்களிடம் அந்த மூன்றும் இருந்தன. இருந்தும், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய பயணம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீண்டது. என் மாமியாரின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. என் கணவர் வழியின் பெரும்பகுதியில் எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்தார். படகு நாங்கள் போக நினைக்காத ஒரு துறைமுகத்தில் வாரக்கணக்கில் நின்றது. சேமித்து வைத்திருந்த விடுமுறைப் பணம் முழுவதும் அதற்கே போயிற்று. அன்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற நேரத்தில் என்னென்ன தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேனோ, அவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் படகு 8 மீட்டர் நீளம் கொண்டது; ஒரே ஒரு டீசல் இயந்திரம், முன்பக்கம் சிறிய அறை. அமைதியான நீரில் மணிக்கு 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் வேகத்தில் சிரமமின்றி ஓடும். போக வேண்டிய தொலைவு 36 கடல் மைல். வழியில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய முனையைச் சுற்ற வேண்டும். நீரோட்டம் திசை மாறுவதற்கு முன் சிறிது நேரம் அடங்கி நிற்கும் வேளையில் அந்த முனையைக் கடப்பதாகக் கணக்கிட்டு, காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். படகில் நாங்கள் இருவரும், பன்னிரண்டு வயது மகளும், ஆறு வயது மகனும், என் மாமியாரும் இருந்தோம்.

வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். காற்று பியூஃபோர்ட் அளவுகோலில் 4, பிற்பகலில் 5 ஆகக்கூடும் என்றும், அலை உயரம் ஒன்றரை மீட்டர் என்றும் அதில் இருந்தது. ஐந்தாம் படி என்றால் மணிக்கு ஏறத்தாழ 29 முதல் 38 கிலோமீட்டர் வரையிலான காற்று. எங்கள் படகு அதைத் தாங்கும் என்பதில் ஐயமில்லை, தாங்கியும்விட்டது. ஆனால் அறிக்கையில் சொல்லப்படும் காற்றின் வேகம் ஒரு சராசரி. இடையிடையே வீசும் வேகக்காற்று அதைவிட மிக வலுவாக இருக்கும். அலை உயரமும் அப்படியே. அது ஒரு கடற்பரப்பில் எழும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான். ஒன்றரை மீட்டர் என்று படித்தால், அவ்வப்போது மூன்று மீட்டரை நெருங்கும் ஒரு தனி அலையும் வரும் என்றே புரிந்துகொள்ள வேண்டும்.

இவை இரண்டையும்விட முக்கியமான எண் ஒன்று பல அறிக்கைகளில் ஓரமாகக் கிடக்கிறது: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட விநாடிகள். ஆழ்கடலில் பத்து விநாடி இடைவெளி கொண்ட அலைகளின் முகடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 156 மீட்டர் தொலைவு இருக்கும். இடைவெளி ஐந்து விநாடியாகக் குறைந்தால் அந்தத் தொலைவு பாதியாகக் குறைவதில்லை, 39 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒன்றரை மீட்டர் அலை முதல் வகையில் படகை மெல்ல ஏற்றி இறக்கும். இரண்டாம் வகையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சுவர்களாகிவிடும். அன்று எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது வகை, அதுவும் நேர் எதிரே.

முதல் ஆறு மைல்களை முழு வேகத்தில் ஓடினோம். அலைகள் இன்னும் சிறியவையாகவே இருந்தன. படகு ஒவ்வொன்றின் மேலும் தாவித் தாவிப் போனது. என் மகன் ஒவ்வொரு தாவலுக்கும் கைதட்டினான். மாமியார் முன்பக்க இருக்கையில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது, மற்ற அலைகளைவிடச் சற்றே பெரிய ஓர் அலையின் முகட்டிலிருந்து படகு வெளியே பாய்ந்து, அடுத்த பள்ளத்தில் தட்டையாக விழுந்தது. சிமெண்டுத் தரையில் விழுந்தது போன்ற அடி. மாமியார் இருக்கையிலிருந்து எழும்பி மீண்டும் அதன்மேல் விழுந்தார். ஒரு சொல்லும் பேசாமல் முகம் வெளுத்து, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். "ஒன்றுமில்லை அம்மா, கொஞ்சம் இடுப்பில் பிடித்துவிட்டது" என்றுதான் என்னிடம் சொன்னார். முள்ளெலும்பு ஒன்று அழுந்தி முறிந்திருக்கிறது என்பது இரண்டு நாட்களுக்குப் பின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாளில் நேர்ந்த மிகப் பெரிய காயம், கடல் மோசமாகிவிட்டது என்று யாரும் நினைப்பதற்கு முன்பே, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த வேளையில் நேர்ந்தது. வேகமாக ஓடும் சிறு படகுகளில் முன்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகெலும்பு இவ்வாறு முறிவது நன்கு அறியப்பட்ட விபத்து வகை என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். படகின் முன்முனைதான் மிக அதிகமாக ஏறி இறங்கும். நடுவிலிருந்து பின்பகுதி வரை அந்த அசைவு மிகக் குறைவு. வயதானவர்களையும், எலும்பு தேய்ந்தவர்களையும், கருவுற்றவர்களையும் நீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் பின்பகுதியிலேயே அமர்த்துங்கள். சுக்கான் பிடிப்பவர் கையில் சக்கரம் இருக்கிறது, வரப்போகும் அலை கண்ணுக்குத் தெரிகிறது, முழங்காலை மடக்கி அடியை வாங்கிக்கொள்ள முடிகிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே ஓட்டுபவருக்கு இதமாகத் தோன்றும் வேகம் படகுக்குப் பொருத்தமான வேகம் ஆகாது. மிகப் பலவீனமானவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அங்கிருந்துதான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

வேகத்தை உடனே குறைத்தோம். மணிக்கு ஆறு மைல் அளவுக்குக் குறைத்து, அலைகளை நேர் எதிரே வாங்காமல் சற்றுச் சாய்வாக முகப்பின் ஓரத்தில் வாங்கும்படி ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகத் திருப்பிப் போனபோது அடி பெரிதும் குறைந்தது. செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் அந்த நொடியிலேயே எங்கள் திட்டம் முழுவதும் காலாவதியாகிவிட்டது என்பது யார் மனத்திலும் பதியவில்லை. மீதமிருந்த முப்பது மைல்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்றிருந்தது ஐந்து மணி நேரமாயிற்று. முனையில் நீரோட்டம் அடங்கும் வேளை தவறிப்போயிற்று. துறைமுகத்தை நண்பகலில் அடைவதற்குப் பதிலாக மாலையில் அடைய வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்குக் கொண்டுவந்த தண்ணீர், துணி எல்லாமே இரண்டு மணி நேரக் கணக்குத்தான். எரிபொருளும் நாம் நினைப்பதுபோல மிச்சமாவதில்லை. நீரின் மேல் எழும்பி ஓடும்படி வடிவமைக்கப்பட்ட படகு, எழும்பவும் முடியாமல் மிதந்து செல்லவும் முடியாமல் நீரை உழுதுகொண்டு போகும் இடைப்பட்ட வேகத்தில் ஒரு மைலுக்கு எரிக்கும் அளவு மிக அதிகம். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்று எரிபொருளைப் பிரிக்கும் பழைய வழக்கத்தைக் கடைப்பிடித்திருந்ததால் மட்டுமே அந்தக் கவலை எங்களுக்கு வரவில்லை.

வேகம் குறைந்து அரை மணி நேரத்தில் என் கணவருக்குக் கடல் நோய் தொடங்கியது. வழக்கமாக அவர்தான் ஓட்டுவார், அவருக்கு அதுவரை இப்படி வந்ததே இல்லை. வரைபடத்தில் இடத்தைக் குறிக்க அறைக்குள் குனிந்துகொண்டிருந்தவர் வெளியே வந்து சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் சாய்ந்தார். அதன்பின் துறைமுகம் வரை அவர் எழவில்லை. எனக்குப் படகு ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டத் தெரிவதற்கும், வழி பார்த்து, அலை பார்த்து, நான்கு பேரையும் பார்த்துக்கொண்டு இடைவெளியின்றி ஓட்டுவதற்கும் இருக்கும் தொலைவு அன்றுதான் தெரிந்தது. பயம் என்று சொல்வதைவிட, திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லாத ஒரு தனிமை என்று சொல்வேன். அவர்மேல் கோபமும் வந்தது. அது நியாயமற்றது என்று தெரிந்தும் வந்தது.

கடல் நோய்க்கான மாத்திரை வாந்தி தொடங்கிய பிறகு பெரும்பாலும் பயன்படாது, வயிற்றில் தங்காது. புறப்படுவதற்கு முன்பே, உறையில் சொல்லியிருக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும் என்பதால், ஓட்டப்போகிறவர் தனக்கு எது ஒத்துவரும் என்பதைக் கரையிலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. குழந்தைகளுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குமட்டுகிறது என்று சொல்பவரை அறைக்குள் படுக்க அனுப்பாதீர்கள். டீசல் வாடையும், வெளியே பார்க்க வழியில்லாததும் நிலைமையை மோசமாக்கும். என் மகளுக்குக் குமட்டல் தொடங்கியபோது அவளை என் பக்கத்தில் நிறுத்தி, அடிவானத்தைப் பார்த்துப் பெரிய அலைகள் வருவதை எனக்குச் சொல்லும் வேலையைக் கொடுத்தேன். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாள். இன்னொன்று, வாந்தி எடுக்க யாரையும் படகின் விளிம்புக்குப் போக விடாதீர்கள். கடலில் விழுபவர்களில் பலர் அப்படித்தான் விழுகிறார்கள். ஆளுக்கொரு வாளியோ தடித்த பையோ கொடுத்து, இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

திரும்பிவிடலாமா என்ற கேள்வி இங்கேதான் எழுந்தது. காற்று எதிரே இருக்கும்போது திரும்பினால் அது முதுகுக்குப் பின்னால் வந்துவிடும்; புறப்பட்ட துறைமுகத்தின் வாயில் பாதுகாப்பானதாக இருந்தால் திரும்பும் வழி வரும் வழியைவிட எளிது. ஆனால் முனையைத் தாண்டினால் அதன் மறைவில் நீர் அடங்கிவிடும் என்ற நம்பிக்கை, ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டோம் என்ற எண்ணம் இரண்டும் சேர்ந்து எங்களை முன்னே தள்ளின. அலையில் ஆடிக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த முடிவைச் சீர்தூக்கி எடுக்க எவராலும் முடியாது என்றே நினைக்கிறேன். அதைக் கரையில் எடுத்து எழுதி வைக்க வேண்டும்: இன்ன நேரத்துக்குள் இன்ன இடத்தை அடையாவிட்டால் திரும்புவோம் என்று.

நான் அறியாதிருந்தவற்றில் எனக்கு மிகவும் வியப்பளித்தது முனையில் நடந்ததுதான். காலையில் நீரோட்டம் எங்களுக்கு எதிராக, காற்றின் திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் முனையை நெருங்கியபோது அது திரும்பி, எங்களோடு சேர்ந்து ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. கருவியில் எங்கள் வேகம் கூடியதைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்தேன். ஆனால் நமக்குச் சாதகமான நீரோட்டம் என்றால், காற்று எதிரே இருக்கும்போது, அது காற்றை எதிர்த்து ஓடும் நீரோட்டம். அப்போது அலைகளின் நீளம் சுருங்கி, உயரம் கூடி, முகடுகள் உடையத் தொடங்கும். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பொதுவாக ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அதன் நடுப்பகுதியில்தான் ஓட்டம் மிக வேகம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது இன்னும் கூடும். முனைகளைச் சுற்றி நீர் நெருக்குண்டு ஓடுவதால் அங்கே மற்ற இடங்களைவிடப் பல மடங்கு கொந்தளிப்பு இருக்கும். நாங்கள் சரியாக அந்த நடுப்பகுதியில், அந்த இடத்தில் போய் நின்றோம்.

முன்னே வெண்ணுரை ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதன் ஊடே போகாமல் கடலுக்குள் விலகி, சில மைல் வெளியே சுற்றிப் போனேன். அலைகள் அங்கேயும் பெரியவைதான், ஆனால் உடையவில்லை. கரையை ஒட்டிப் போனால் பாதுகாப்பு என்று மனம் சொல்லும். முனைகளில் அது பெரும்பாலும் தவறு. நீரின் ஆழம் அலை உயரத்தைவிடச் சற்றே அதிகமாக இருக்கும் இடங்களிலேயே அலை உடைந்துவிடும், பாறைகளும் அங்கேதான் இருக்கும்.

வெளியே சுற்றிக்கொண்டிருந்தபோது இயந்திரத்தின் ஒலி மாறியது. சுழற்சி தானாக இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. பல ஆண்டுகளாக எரிபொருள் தொட்டியின் அடியில் படிந்து கிடந்த கசடும் நீரும் அந்தக் குலுக்கலில் கலங்கி வடிகட்டியை அடைத்துக்கொண்டிருந்தன. அமைதியான நாட்களில் ஒருபோதும் வெளிப்படாத கோளாறு இது. கடல் கொந்தளிக்கும் நாளில், இயந்திரம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் வெளிப்படும். தரையில் கிடந்த கணவர் தலையைத் தூக்காமலே, "விசையைக் குறை, நிறுத்திவிடாதே" என்றார். அது மிகச் சரியான யோசனை. பாதி அடைத்த வடிகட்டி வழியே குறைந்த சுழற்சிக்கு வேண்டிய டீசல் வந்துகொண்டிருந்தது. மணிக்கு நான்கு மைல் வேகத்தில், படகின் முகம் திரும்பிவிடாத அளவுக்கு மட்டும் ஓட்டினேன். மாற்று வடிகட்டி எங்களிடம் இருந்தது, ஆனால் அதை மாற்ற இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் படகு அலைகளுக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். நங்கூரம் போடக்கூடிய ஆழம் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டேன். உங்கள் நங்கூரத்தை அடிப்பலகைக்குக் கீழே பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்து வையுங்கள். ஒற்றை இயந்திரப் படகுக்கு இயந்திரம் நின்ற பிறகு இருக்கும் ஒரே பிடிப்பு அதுதான்.

அப்போதுதான் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்குக் கூச்சமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. படகு மூழ்கவில்லையே, இதற்குப் போய் அழைப்பதா என்ற எண்ணம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்தான் "மேடே". அந்த நிலைக்கு வராத, ஆனால் அவசரமான சூழலுக்கு "பான்-பான்" என்று மூன்று முறை சொல்லி அழைக்கும் முறை தனியாகவே இருக்கிறது. எங்களுடையதைப் போன்ற நிலைமைக்காகத்தான் அது இருக்கிறது. படகின் பெயர், நிற்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும் என்ற வரிசையை ஒரு அட்டையில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். அன்று என் குரல் நடுங்கியதால் மகள்தான் அதைப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்தாள். கைப்பேசியை நம்பியிருந்தால் இதுவும் நடந்திருக்காது. ஈரக் கையோடும் உப்புநீர் வழியும் திரையோடும் தொடுதிரை எதையும் கேட்பதில்லை.

கரையிலிருந்து பதில் சொன்னவர் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்து நிலைமையைச் சொல்லச் சொன்னார். அந்தக் குரல் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. அவர் இன்னொரு தகவலும் தந்தார்: நாங்கள் போகவிருந்த துறைமுகம் ஆற்று முகத்துவாரத்தில் இருந்ததால், இறங்கும் ஓதம் வெளியே பாய, உள்ளே வரும் அலைகள் அதன்மேல் உடைந்துகொண்டிருந்தன. முனையின் மறைவில் ஆழமான வாயில் கொண்ட வேறொரு துறைமுகத்துக்கு எங்களைத் திருப்பிவிட்டார். சக்தி குறைந்த இயந்திரத்தோடு, பின்னாலிருந்து துரத்தும் அலைகளில், ஆழமற்ற வாயிலுக்குள் நுழைய முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை. அப்படி நுழைய நேர்ந்தால், முன்னே போகும் அலையின் முதுகிலேயே படகை வைத்துக்கொண்டு அதை முந்தாமல் போக வேண்டும் என்பார்கள். அதற்கு வேண்டிய விசை அன்று எங்களிடம் இல்லை. புறப்படும் முன்பே எந்தக் காற்றிலும் நுழையக்கூடிய ஒரு மாற்றுத் துறைமுகத்தை வரைபடத்தில் குறித்து வைப்பது நம் வேலைதான், வானொலிக்காரருடையது அல்ல.

பிற்பகல் நான்கு மணிக்குக் கட்டினோம். மாமியாரைப் படகிலிருந்து இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவர் ஆறு மணி நேரமும் வலியைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். வயதானவர்கள் பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்று மறைப்பார்கள் என்பதை நாம்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அவர் பல வாரங்கள் இடுப்புப் பட்டையோடு இருந்தார். மகன் இரவில் திடுக்கிட்டு எழுவது கொஞ்ச காலம் நீடித்தது. தொட்டியைத் திறந்து கழுவி, எரிபொருள் குழாய்களைச் சுத்தம் செய்து, உட்செலுத்திகளைச் சரிபார்க்கப் பட்டறைக்காரர் கேட்ட தொகையோடு, துறைமுகக் கட்டணம், தங்கும் செலவு, சாலை வழியாக வீடு திரும்பிய செலவு எல்லாம் சேர்ந்தன. காப்பீட்டு நிறுவனம் கசடு படிந்த தொட்டி பராமரிப்பில் அடங்கும், விபத்தில் அடங்காது என்று சொல்லிவிட்டது. அந்தச் செலவில் சிறு பங்கு இருந்தால் முந்தைய பருவத்திலேயே தொட்டியைச் சுத்தம் செய்திருக்கலாம். உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் இந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இப்போது நாங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நேரப் பட்டியல்கள் போடுகிறோம். ஒன்று வழக்கமான வேகத்துக்கு. மற்றொன்று மணிக்கு ஆறு மைலுக்கு. இரண்டாவது பட்டியலில் முனையைக் கடக்கும் நேரம், துறைமுக வாயிலின் ஓதம், சூரியன் மறையும் நேரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்று கிளம்புவதில்லை. என் கணவருக்கு இந்த முறை சலிப்பூட்டுகிறது, அதனால் நல்ல நாட்கள் பல வீணாகின்றன என்கிறார்; அது உண்மைதான். மாமியார் எங்களோடு வருவதானால் சாலை வழியே வந்து துறைமுகத்தில் சேர்ந்துகொள்கிறார்.